1.2 லட்சம் ரூபாய்க்குக் காத்து: தார் வண்டிக்கு ஏர் டிஸ்கனெக்ட் போடலாமா?

போன வீடியோவுல தார் வெச்சிருக்கறவங்களோட மாசச் செலவு பத்திப் பேசினப்போ, "ஸ்வே பார் டிஸ்கனெக்ட் பத்தித் தனியா ஒரு பதிவு போடறேன்"னு சொல்லியிருந்தேன். இது அந்தப் பதிவு. வீடியோவா எடுக்காம எழுத்தா போடறதுக்கு ஒரு காரணம், இதுல கணக்கு கொஞ்சம் ஜாஸ்தி. இன்னொரு காரணம், இதுல வர்ற ஆள் என் சித்தி பையன். கேமரா முன்னாடி அவனைத் திட்டினா சித்தி என்னைச் சும்மா விடமாட்டாங்க.

அவன் இருக்கறது சடையங்குப்பம். திருவொற்றியூர், மணலி பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். வீட்டை விட்டு வெளிய வந்தா முதல்ல கண்ணுல படறது கன்டெய்னர் டிரெய்லர். அடுத்தது டேங்கர் லாரி. மூணாவதா ரோட்டுல இருக்கற பள்ளம். அவனும் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியிலதான் சூப்பர்வைசர். கைக்கு வர்ற சம்பளம் 58,000. ரெண்டு வருஷம் முன்னாடி 2021 மாடல் தார் ஒண்ணு செகண்ட்ஸ்ல எடுத்தான். அதுக்கு இஎம்ஐ 19,400. இதுவே சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. அப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும், திறக்கல. முதல் முறை வண்டியை ஓட்டிக்கிட்டு தெருவுக்குள்ள வந்தப்போ அவன் மூஞ்சியில இருந்த சந்தோஷத்தைப் பாத்துட்டு யாருக்கும் கணக்குப் பேச மனசு வராது.

இப்ப விஷயம் என்னன்னா, ஒரு வொர்க்‌ஷாப்ல அவனுக்குக் கொட்டேஷன் குடுத்திருக்காங்க. டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச். அதைத் தட்டினா 'புஸ்'னு காத்துச் சத்தம், முன்னாடி ஸ்வே பார் கழண்டுக்கும். மறுபடி தட்டினா மாட்டிக்கும். கம்ப்ரஸர், ஏர் டேங்க், சொலினாய்டு வால்வு, வெளிநாட்டு ஆக்சுவேட்டர், ஃபிட்டிங் கூலி எல்லாம் சேத்து 1,20,000 ரூபாய். கையில 20,000 இருக்கு, மிச்சம் ஒரு லட்சம் பர்சனல் லோன். "ஒரே ஒரு தடவை பண்றதுதானேண்ணா"ன்னு கேட்டான்.

முதல்ல இந்த பார் என்ன வேலை செய்யுதுன்னு பாத்துடலாம். அது புரியாம இதுல ஒரு ரூபா கூடப் போடக் கூடாது.

ஸ்வே பார், ஆன்ட்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார், எல்லாம் ஒண்ணுதான். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற ஒரு வளைஞ்ச ஸ்டீல் கம்பி. ரெண்டு முனையிலயும் லிங்க் ராடு இருக்கும். நீங்க வேகமா ஒரு வளைவுல திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயப் பாக்கும். அப்போ இந்தக் கம்பி முறுக்கிக்கிட்டு, "சாயாதே"ன்னு இழுத்துப் பிடிக்கும். தார் மாதிரி அகலத்தைவிட உயரம் கூட இருக்கற வண்டிக்கு இது ரொம்பவே முக்கியம்.

ஆனா அதே கம்பி கரடுமுரடான இடத்துல எதிரியாயிடும். ஒரு சக்கரம் பாறை மேல ஏறும்போது இன்னொரு சக்கரம் பள்ளத்துல இறங்கணும். நடுவுல இந்தக் கம்பி ரெண்டையும் ஒரே மட்டத்துல வைக்கப் பாக்கும். விளைவு, ஒரு சக்கரம் தரையில படாம அந்தரத்துல சுத்தும். அதனாலதான் ஆஃப்ரோடு போறவங்க பாரைத் தற்காலிகமா கழட்டி விடறாங்க. இந்தியாவுல கிடைக்கிற ஜீப் ராங்லர் ரூபிகான்ல இது கம்பெனியே குடுக்கற வசதி. பட்டனைத் தட்டினா மோட்டார் கழட்டிவிடும், வண்டி வேகம் கூடினா தானா மாட்டிக்கும். அது 60 லட்சத்தைத் தாண்டின வண்டி. அந்த பட்டனோட விலையும் அதுக்குள்ளதான் இருக்கு.

ஏர் டிஸ்கனெக்ட்ங்கறது அதே வேலையைக் காத்து வெச்சுப் பண்றது. கம்ப்ரஸர் டேங்க்ல காத்தை ஏத்தி வைக்கும். சுவிட்ச் போட்டா சொலினாய்டு வால்வு திறந்து, சின்ன டியூப் வழியா காத்து போய் ஒரு பின்னைத் தள்ளும். பார் ரெண்டு துண்டாப் பிரிஞ்சு தனித்தனியா ஆடும். நல்ல ஐடியாதான், இல்லேன்னு சொல்லல.

இந்த இடத்துல எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு. வட சென்னையில காத்து வேலை தெரிஞ்சவங்களுக்குப் பஞ்சமே இல்ல. லாரி, டிரெய்லர் எல்லாத்துக்கும் ஏர் பிரேக்தானே. எதிர்வீட்டு டிரெய்லர் டிரைவர் மாமாகிட்ட இந்தக் கொட்டேஷனைக் காட்டினோம். அவர் விலையைப் பாக்கவே இல்ல. கேட்டது ஒரே ஒரு கேள்வி: "காத்து போச்சுன்னா இது மாட்டிக்குமா, கழண்டுக்குமா?"

அந்தக் கேள்விக்கு அந்த வொர்க்‌ஷாப்ல பதில் இல்ல. மாமா ஏன் கேட்டார்னு சொல்றேன். லாரியோட பார்க்கிங் பிரேக்கைப் பிடிக்கறது ஸ்பிரிங். அதை விடுவிக்கறதுதான் காத்து. டியூப் கிழிஞ்சு காத்து எல்லாம் போயிட்டா லாரி ஓடாது, நின்னுடும். அதாவது கெட்டுப்போனாலும் பாதுகாப்பான பக்கம் கெட்டுப்போற மாதிரி அமைச்சிருக்காங்க. இந்த கிட்டும் அப்படித்தான் இருக்கணும்: காத்து இல்லேன்னா ஸ்பிரிங் தள்ளி பின் மாட்டிக்கணும். தலைகீழா, காத்து இருந்தாத்தான் மாட்டியிருக்கும்னு செஞ்சிருந்தா, ஒரு ஜாயின்ட்ல லீக் வந்தா போதும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லரை ஓவர்டேக் பண்ணும்போது உங்க வண்டிக்கு முன்பக்கம் பாரே இருக்காது. அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

சரி, நல்ல டிசைன்தான்னே வெச்சுக்குவோம். அப்பவும் ஒரு சிக்கல் இருக்கு. சக்கரம் மேடு பள்ளத்துல நிக்கும்போது சுவிட்சைத் திருப்பிப் போட்டாலும் பின் உடனே உள்ள போகாது. வண்டி சமதரைக்கு வந்து, ரெண்டு பக்கமும் நேரானாத்தான் மாட்டும். சுவிட்ச் 'ஆன்'ல இருக்கறதாலயே பார் மாட்டியிருக்குன்னு நம்பிட முடியாது. பின் உண்மையிலயே உள்ள போச்சான்னு சொல்ற இண்டிகேட்டர் இருக்கான்னு கேளுங்க. கொட்டேஷன்ல அது இல்ல.

இப்ப நான் ரொம்ப பயந்த விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி கிட்டுங்க பெரும்பாலும் ராங்லர் மாதிரி, முன்னாடி திடமான ஆக்ஸில் இருக்கற வண்டிகளுக்காகச் செஞ்சது. 2020-ல வந்த தார்ல முன்னாடி டபுள் விஷ்போன் இன்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். பின்னாடிதான் ஆக்ஸில். ராங்லர் கிட்டை வாங்கி நேரா மாட்ட முடியாது. அப்போ வொர்க்‌ஷாப்ல என்ன பண்ணுவாங்க? கம்பெனி பாரை நடுவுல வெட்டி, ஆக்சுவேட்டரை வெச்சு வெல்டிங் அடிப்பாங்க. அவங்களே அப்படித்தான் சொன்னாங்க, பெருமையா. ஸ்டெபிலைசர் பார் ஸ்பிரிங் ஸ்டீல்ல செய்யறது, ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணது. முறுக்கி முறுக்கித் திரும்பற பொருள். அதுல வெல்டிங் சூடு பட்டா அந்த இடத்துல ஸ்டீலோட குணமே மாறிடும். விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். நம்ம ரோடுங்க தினமும் அதை முறுக்கும். கடல் ஓரத்து உப்புக்காத்து தன் பங்குக்குத் துருவையும் குடுக்கும்.

இவ்வளவு பண்ணி லாபம் எவ்வளவு? திடமான ஆக்ஸில் இருந்தா, பாரைக் கழட்டினதும் சக்கரம் நல்லா கீழ மேல போகும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விஷ்போன் சஸ்பென்ஷன்ல கை நீளமும் ஜாயின்ட்டும் ஷாக் அப்சார்பரும் ஒரு எல்லை போட்டு வெச்சிருக்கும். பாரைக் கழட்டினாலும் அந்த எல்லைக்கு மேல போகாது. கொஞ்சம் உதவும், மேஜிக் எல்லாம் இல்ல. (தார்ல "ஃப்ரன்ட் ஆக்ஸில் டிஸ்கனெக்ட்"னு ஏற்கெனவே ஒண்ணு இருக்கேன்னு சிலர் கேக்கறாங்க. அது முன் சக்கரத்துக்குப் போற டிரைவ்லைனைத் துண்டிக்கிறது. ஸ்வே பாருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.)

இனி நம்ம ஏரியா, பணம்.

ஒரு லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம். மாசம் 3,418 ரூபாய். மொத்தம் கட்டறது சுமார் 1,23,040. கைக்காசு 20,000-ஐச் சேத்தா 1,43,040. இப்ப அவன்கிட்ட நான் கேட்டது: வருஷத்துக்கு எத்தனை தடவை ஆஃப்ரோடு போற? "மூணு". அதுல பாரைக் கழட்டற அளவுக்கு மோசமான இடம் எவ்வளவு நேரம்? ரொம்ப யோசிச்சு, "ரெண்டு மணி நேரம்"னான். அதையே எடுத்துக்குவோம். வருஷத்துக்கு 6 மணி நேரம், மூணு வருஷத்துக்கு 18 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7,950 ரூபாய். அவன் ஒரு மாசம் வேலை பாத்து வாங்கற 58,000-ல ஏழரை மணி நேரம் கூட இந்த சுவிட்சைப் போட முடியாது.

இதே 3,418-ஐ மாசா மாசம் ஆர்டியில போட்டா, 7% வட்டின்னு வெச்சுக்கங்க, மூணு வருஷத்துல சுமார் 1.36 லட்சம் கையில நிக்கும். அவனுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு இருக்குன்னு கேட்டேன். அந்த 20,000தான் எமர்ஜென்சி ஃபண்டாம்.

விக்கும்போது காசு திரும்ப வருமான்னா, வராது. செகண்ட்ஸ் வாங்கறவர் வெட்டி வெல்டிங் வெச்ச பாரைப் பாத்தா விலையைக் குறைச்சுத்தான் கேப்பார். இன்ஷூரன்ஸ்ல வண்டியோட ஐடிவி எப்படிக் குறையுதுன்னு உங்களுக்குத் தெரியும்: ஒரு வருஷம் தாண்டினா 20%, ரெண்டு தாண்டினா 30%, மூணு தாண்டினா 40%, நாலு தாண்டினா 50% கழிப்பாங்க. தனியா போட்ட ஐட்டத்தை கம்பெனிக்குச் சொல்லி, பிரீமியம் கட்டி, பாலிசியில ஏத்தினாத்தான் அதுக்குக் கவரேஜ். சொல்லாம விட்டீங்கன்னா அந்த 1.2 லட்சத்துக்கு பாலிசியைப் பொறுத்தவரை மதிப்பு ஜீரோ. அது மட்டுமில்ல, விபத்து ஆகி சர்வேயர் வந்து வண்டிக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்து, சஸ்பென்ஷன் பார்ட்டை வெட்டி ஒட்டியிருக்குன்னு எழுதிட்டார்னா, சொந்த வண்டி சேதத்துக்கான க்ளெய்ம் முழுசுமே இழுபறியாயிடும். வாரண்டி மிச்சம் இருந்தா அந்தப் பக்கமும் கதவு சாத்திடும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில இருக்கற, தயாரிப்பாளர் குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிச்சு. அதே 2019 திருத்தத்துல வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டுமேன்னு சொல்லுது. "ஸ்வே பார்னு சட்டத்துல எங்க எழுதியிருக்கு ப்ரோ"ன்னு கமென்ட் போடுவீங்கன்னு தெரியும். அதை முடிவு பண்ணப்போறது ஆர்டிஓவும் கோர்ட்டும்தான். வொர்க்‌ஷாப்காரர் உங்க கூட வந்து நிக்க மாட்டார்.

இவ்வளவு சொல்லியும் அவன் அசையல. கடைசியா அவன் சொன்ன காரணத்தைக் கேட்டுத்தான் இந்தப் பதிவையே எழுதறேன். "அண்ணா, வெள்ளம் வந்தா உதவும்ல?"

இதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. எங்க பக்கம் மழைன்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கேள்வி புரியும். கொசஸ்தலை ஆத்துல தண்ணி ஏறி, புழல் ஏரி உபரி நீரையும் திறந்துட்டா சடையங்குப்பம், பர்மா நகர் பக்கம் எல்லாம் தீவாயிடும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் சேர்ந்து வந்துச்சு. சித்தியை மாடிக்கு ஏத்தினது, பக்கத்துத் தெரு பாட்டியைத் தோள்ல தூக்கினது எல்லாம் இவன்தான். அடுத்த வருஷம் அவன் தார் வாங்கினதுக்குப் பின்னாடி அந்த ராத்திரியும் இருக்குன்னு எனக்குத் தெரியும். ரீல்ஸ் பாத்து மட்டும் வாங்கின வண்டி இல்ல அது.

அதனாலதான் அவனுக்கு நேரா சொன்னேன்: வெள்ளத்துல ஸ்வே பாருக்கு எந்த வேலையும் இல்ல. வண்டி தண்ணியில போகுமா போகாதான்னு முடிவு பண்றது ஏர் இன்டேக் எந்த உயரத்துல இருக்கு, தண்ணி எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகமா ஓடுதுங்கறதுதான். தாருக்கு கம்பெனி சொல்ற வாட்டர் வேடிங் 650 மில்லிமீட்டர், ரெண்டடிக்கு மேல கொஞ்சம். அதுவும் நிக்கற தண்ணியில, மெதுவாப் போனா. ரோடு எங்க, கால்வாய் எங்கன்னு தெரியாத இடத்துல அந்த நம்பரை நம்பி இறங்கக் கூடாது. எங்க ஊர்ல அந்த மாதிரி நாள்ல ஆளுங்களை வெளிய கொண்டுவர்றது படகு. மீனவர்கள் கொண்டுவர்ற படகு.

வெள்ளத்துக்குன்னு செலவு பண்ணணும்னு நினைச்சா, உங்க பாலிசியை எடுத்து இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளத்துல வண்டி நனைஞ்ச சேதத்தைக் கவர் பண்ணும். ஆனா தண்ணி உள்ள போன இன்ஜினை நீங்க ஸ்டார்ட் பண்ணப் போய், பிஸ்டன் தண்ணியை அழுத்தி, கனெக்டிங் ராடு வளைஞ்சா, அது 'பின்விளைவுச் சேதம்'னு சொல்லித் தள்ளிடுவாங்க. அந்த ஆட்-ஆன் அதுக்குத்தான். தண்ணியில வண்டி நின்னுட்டா சாவியைத் தொடாதீங்க. பேட்டரியைக் கழட்டி, டோ பண்ணச் சொல்லுங்க. இந்த ஒரு பழக்கத்துக்குக் காசே ஆகாது. அவனோட பாலிசியில அந்த ஆட்-ஆன் இல்ல. சடையங்குப்பத்துல வீடு, வாசல்ல தார், இன்ஜின் கவர் இல்ல, ஆனா ஸ்வே பாருக்கு 1.2 லட்சம்!

அப்ப யாருமே இதைப் போடக் கூடாதா? அப்படிச் சொல்லல. கோவாவுல 2014-லிருந்து நடக்கற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரி போட்டிக்குப் போறவங்க, மாசா மாசம் பாறை ஏத்தறவங்க, அதுக்குன்னே தனி வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு இது தொழில் கருவி மாதிரி. அவங்க கணக்கே வேற. நீங்க எங்க போய் இதைப் பயன்படுத்துவீங்கன்னும் யோசிங்க. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போனா குற்றம். கடற்கரை மணல்ல ஓட்டலாம்னா, ஜனவரியில இருந்து நம்ம கரையிலதான் பங்குனி ஆமை முட்டையிட வருது. மிச்சம் இருக்கறது காசு வாங்கற தனியார் டிராக். அங்கயும் வழிகாட்டி ஒருத்தர் கூடவே வருவார்.

அந்த மாதிரி இடத்துல கம்ப்ரஸரும் சொலினாய்டும் இல்லாமலே இதைச் செய்யலாம். சமதரையில நிறுத்தி, ரெண்டு பக்க லிங்க் ராடு போல்ட்டையும் ஸ்பேனரால கழட்டி, பிரேக் ஹோஸ்லயோ டயர்லயோ உரசாம லிங்க் ராடை மேல தூக்கிக் கட்டி விடணும். ஒரு பக்கம் மட்டும் கழட்டி விடக் கூடாது. டிராக்கை விட்டு ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி மறுபடி மாட்டி, போல்ட்டைச் சரியான டார்க்ல டைட் பண்ணணும். முதல் தடவை தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்துல இருக்கட்டும். பதினஞ்சு இருபது நிமிஷம் ஆகும், சட்டை அழுக்காகும். வருஷத்துக்கு மூணு தடவைதானே!

அந்த கொட்டேஷன்ல நான் ஒத்துக்கற ஒரே ஐட்டம் கம்ப்ரஸர். ஆஃப்ரோடுல பாரைக் கழட்டறதைவிட டயர்ல காத்தைக் குறைக்கறதுதான் முதல் வேலை. குறைச்சா டயர் தரையில பரவி உக்காரும், பிடிப்பு கூடும். திரும்பி ரோட்டுக்கு வர்றப்போ காத்து ஏத்திக்கணும். அதுக்கு சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர், ஒரு நல்ல கேஜ் போதும். பஞ்சர்லயும் உதவும், வீட்டு பைக்குக்கும் உதவும்.

நேத்து ராத்திரி போன் பண்ணான். லோன் அப்ளிகேஷனை கேன்சல் பண்ணிட்டானாம். இன்ஜின் ப்ரொடெக்ட் கேட்டு ஏஜென்ட்டுக்கு மெசேஜ் போட்டிருக்கான். ரினியூவல் அப்பத்தான் சேக்க முடியும்னு பதில் வந்திருக்கு. ரினியூவல் தேதி நவம்பர் 20. மழை அதுக்கு முன்னாடியே வரலாம். "அதுவரைக்கும் என்னண்ணா பண்றது?"ன்னு கேட்டான். மழை எச்சரிக்கை வந்த அன்னிக்கே வண்டியைக் கொண்டுபோய் மேட்டுல இருக்கற எங்க வீட்டு வாசல்ல விடச் சொல்லியிருக்கேன். சித்தியையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.